சிவப்புப் பூ வந்த வெள்ளிக்கிழமை

— கோழிக்கு இன்சூரன்சு இருக்குது, அது அடையற செட்டுக்கு இருக்குது, முட்டை லாரிக்கு இருக்குது. இந்தத் தங்கசாமிக்கு வந்து இன்சூரன்சுன்னா என்னன்னு நீ சொல்லித் தாரயா அம்முணி? கெங்கவல்லியில இருந்து பஸ் ஏறி எருமப்பட்டிக்கு மறுக்கா வந்தது இதுக்குத்தானா?

— இதுக்கேதாங்க ஐயா. நீங்களே சொல்லிட்டீங்க பாருங்க. கோழிக்கு இருக்கு, செட்டுக்கு இருக்கு, லாரிக்கு இருக்கு. அந்தக் கோழிக்குத் தீவனம் போடற மதனுக்கு இருக்கா? முட்டை பொறுக்கற சௌந்திரம்மாவுக்கு இருக்கா?

— அதுகளுக்கு நான் இருக்கறேன்.

— நீங்க எத்தனை நாளைக்குங்க இருப்பீங்க?

— ஏ பாவாயி! இந்தப் புள்ள பேசறதக் கேட்டியா? என்ர பண்ணைக்குள்ள வந்து, என்ர நாக்காலியில உக்காந்துட்டு, நீ எத்தன நாளைக்கு இருப்பேன்னு என்னையவே கேக்குது!

— கேட்டுட்டுத்தானுங்க இருக்கறேன். மொதல்ல காலு நனைச்சுட்டு வந்துச்சான்னு கேளுங்க.

— அதெல்லாம் நனைச்சேங்கம்மா. வாசல்ல இருக்கற அந்த ஊதாத் தண்ணியில ரெண்டு காலையும் முக்கிட்டுத்தான் வந்தேன். பாதத்தைப் பாருங்க, கத்தரிக்காய் நிறத்துல இருக்கு.

— அதுஞ்செரி. இந்தா, மோரு குடி சாமி. வெய்யிலு என்னமா காயுது.

— சிரிக்காத அம்முணி. அந்தத் தண்ணியில நனைக்காம கலெக்டரு வந்தாலும் உள்ள உட மாட்டேன். வெளியாளு கால்ல ஒரு சீக்கு ஒட்டிட்டு வந்துச்சுன்னு வெச்சுக்க, நாப்பதாயிரம் கோழியும் ஒரே வாரத்துல காலி. கேட்டுக்க, இந்த நாப்பதாயிரத்துல ஒண்ணே ஒண்ணு தலையத் தொங்கப் போட்டுட்டு நின்னாப் போதும். செட்டுக்குள்ள ஒருக்கா நடந்து வந்தன்னா இன்னதுதான்னு காட்டிருவேன். டாக்டரே மலைச்சுப் போயிட்டாரு.

— அவ்வளவு கண்ணுங்களா உங்களுக்கு?

— இருவத்தாறு வருசம் அம்முணி. சும்மாவா?

— நிஜமாவே பெரிய விஷயந்தாங்க ஐயா. அந்தக் கண்ணை இப்படிக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கன்னுதான் சொல்றேன். எங்க தொழிலாளர் சங்கத்து ஃபாரத்துல உங்க ஆளுங்க ஏழு பேர் பேரும் எழுதிக் கொண்டாந்திருக்கேன். நீங்க முதலாளின்னு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சது.

— ஏழு பேரயும் நீயே எழுதிட்டயா? எப்ப?

— காலையில ஆறு மணிக்கே வந்துட்டேன். அவங்க முட்டை பொறுக்கிட்டே பேர் சொன்னாங்க, நான் நடந்துகிட்டே எழுதினேன். பூபதியண்ணன் மட்டும் முதலாளி என்ன சொல்லுவாரோன்னு இழுத்தாரு.

— பூபதி எதுக்கு இழுக்கறான்? அவன் கூண்டு மேல இருந்து உழுந்து இடுப்பு போனப்ப யாரு பாத்தா? நாந்தான் ஜீப்புல போட்டுட்டுப் போனேன். ஆபரேசனுக்கு நாந்தான் கடன வாங்கிக் கட்டுனேன். என்ர ஆளுகளுக்கு ஒண்ணுன்னா நான் உட்டுருவனா? ஊர்ல யார வேணாக் கேட்டுப் பாரு.

— கேட்டேங்க. உங்களைப் பத்தி எல்லாரும் நல்லாத்தான் சொல்றாங்க. ஆனா பூபதியண்ணன் ரெண்டு வருஷமா உங்ககிட்ட ஒரு நாள் லீவு கேட்டிருக்காரா?

— இல்ல. நல்ல ஆளு. ஒரு நாள் வராம நிக்க மாட்டான்.

— காய்ச்சல்லயும் வர்றாருங்க. போன மாசம் நூத்திரண்டு காய்ச்சல்ல தீவன மூட்டை தூக்கியிருக்காரு. முதலாளி நமக்கு அவ்வளவு செஞ்சாரு, எந்த மூஞ்சியை வச்சுகிட்டு லீவு கேக்கறதுன்னு என்கிட்டச் சொல்லிட்டு அழுதுட்டாரு.

— அட! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுலயே!

— அவரால சொல்ல முடியாதுங்க ஐயா. நீங்க செஞ்சது உதவி. உதவி வாங்குனவங்க அப்புறம் வாயைத் திறக்க மாட்டாங்க. கையில ஒரு அட்டை இருந்தா, அது அவங்க காசும் சேர்ந்து வாங்குன அட்டை. நேரா ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. யார் கால்லயும் விழ வேண்டியதில்ல, யார்கிட்டயும் தலை குனிய வேண்டியதில்ல.

— அதுஞ்செரி. வாங்குனவளுக்கு ஏது வாயி.

— நீ என்ன புள்ள, நடுவால அவ கூடச் சேந்துக்கற?

— நான் எங்கீங்க சேந்தேன்? மோருக்கு உப்புப் பத்துலயோன்னு பாக்க வந்தேன்.

— செரி, கவருமெண்டுல காப்பீட்டு அட்ட குடுக்கறாங்கல்லோ? அதைய வாங்கிக்க வேண்டியதுதான? எல்லாத்துக்கும் தங்கசாமி தலையவே எதுக்கு உருட்டறீங்க?

— அது நல்ல திட்டங்க. கிடைக்கறவங்களுக்கு நானே எழுதிக் குடுத்து வாங்கித் தந்திருக்கேன். இந்த ஏழு பேருக்கும் அது வரல. சௌந்திரம்மா ரேசன் கார்டுல மகன் பேரு இருக்கு. அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில சம்பளம் வாங்கறான். அம்மாவுக்கு ஒரு பைசா அனுப்பறதில்ல, ஆனா கார்டுல ஒண்ணா இருக்கறதால வருமான வரம்பு தாண்டிப் போச்சு. மதனுக்கும் அவன் சம்சாரத்துக்கும் கார்டு ஒடிசாவுல கிடக்கு. இப்படி நடுவுல மாட்டுனவங்களுக்குத்தான் எங்க சங்கம் ஒரு கம்பெனியோட பேசி முடிச்சிருக்கு. இருநூறு பேர் ஒண்ணா சேர்ந்தா ஒரே பாலிசி. தலைக்கு வருஷத்துக்கு ரெண்டு லட்சம் வரைக்கும் வைத்தியம்.

— எத்தனப் பேரு சேந்திருக்கறாங்க?

— நூத்தி இருபத்தெட்டு.

— அப்பறம் என்ன, இன்னொரு எழுவது பேரப் புடிக்க வேண்டியதுதான? இன்னும் நாளு கெடக்குதல்லோ.

— இல்லீங்க. இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்குந்தான். நாமக்கல் ஆபீசுல குடுத்தாகணும். இந்த எருமப்பட்டி சுத்துல பதினோரு பண்ணை இருக்கு. அங்கெல்லாம் சேர்த்து எண்பது பேர் தேறுவாங்க. நேத்து மோகன்குமார் பண்ணைக்குப் போனேன். தங்கசாமி அண்ணன் போட்டாரான்னு கேட்டாரு. அதுக்கு அடுத்த பண்ணையிலயும் அதே கேள்விதான். பதினோரு பேரும் ஒரே வார்த்தை, தங்கசாமி அண்ணன் போட்டாரா?

— அப்படியா கேட்டானுக?

— மீசையை முறுக்காதீங்க ஐயா. கையெழுத்துப் போட்டுட்டு முறுக்குங்க.

— ஹா! பாவாயி, இது வாயாடி புள்ள. நம்ம அகல்யா இப்படிப் பேசியிருந்தா மாப்பள ஊட்டுல ரெண்டே நாள்ல கொண்டாந்து உட்டுருப்பாங்க.

— அகல்யா எங்க பேசறா. எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே வெச்சுக்குவா. என்னையாட்டம்.

— ஐயா, காசு எவ்வளவுன்னு நீங்க கேக்கவே இல்லையே.

— சொல்லு.

— ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு முட்டை விலை. அதுல பாதி அவங்க கட்டறாங்க, பாதி நீங்க. ஏழு பேருக்கும் சேர்த்து உங்க பங்கு தினம் மூணரை முட்டை. உங்க பண்ணையில ஒரு நாளைக்கு எத்தனை முட்டை உடையுது?

— அது ஆவும் முந்நூறு.

— அதுல மூணரை. வேணும்னா நாலாவே குடுங்க, மிச்ச அரையை நான் ஆம்லெட் போட்டுத் தின்னுக்கறேன்.

— கேட்டுக்க அம்முணி. காசுக்குப் பயந்தவன் இல்ல இந்தத் தங்கசாமி. நீ போன வாரம் வந்து சொல்லிட்டுப் போனியல்லோ, அன்னிக்கே எனக்கு மனசுல பட்டுது. செஞ்சா நல்லதுதான்னு. ஆனா நான் எதையும் பூ கேக்காமச் செய்ய மாட்டேன்.

— பூ கேக்கறதுன்னா? எங்க பக்கத்துல அந்தப் பழக்கம் இல்லீங்க.

— உங்க கெங்கவல்லிக்காரங்களுக்கு என்ன தெரியும்? வெள்ளரளி ஒண்ணு, செவ்வரளி ஒண்ணு. ரெண்டையும் தனித்தனியா வெத்தலையில மடிச்சு நூலக் கட்டி, எங்க கருப்பண்ணன் சாமி கால்ல போட்டுருவோம். எதுல எது இருக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நான் கண்ண மூடிக் கும்புட்டுட்டு கேக்கறதக் கேப்பேன். ஒருத்தரு ஒரு பொட்டணத்த எடுத்துப் பிரிப்பாங்க. வெள்ளை வந்தா செய்யி. செவப்பு வந்தா உட்டுரு. செட்டுப் போட்டது, லாரி வாங்குனது, அகல்யாளக் கட்டிக் குடுத்தது, எல்லாம் பூ கேட்டுத்தான்.

— இதுக்கும் கேட்டீங்களா?

— வெள்ளிக்கிழம கேட்டேன். செவப்பு வந்துருச்சு.

— ஐயோ.

— ஐயோதான். எனக்கு மட்டும் வெசனம் இல்லியா? ஆனா சாமி வேண்டான்னு சொன்னதுக்கப்பறம் நான் யாரு?

— பொட்டணத்தை எடுத்தது யாருங்க?

— முன்னெல்லாம் அகல்யா எடுப்பா. அவ போனதுல இருந்து பாவாயிதான். அவ கை ராசியான கை.

— இன்னொரு தடவை கேக்கலாம்லங்க? சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது.

— மறுக்கா கேட்டா சாமி பேச்சச் சந்தேகப்பட்டதா ஆயிரும். எங்கப்பன் காலத்துல இருந்து ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தான். என்னைய மன்னிச்சுக்க அம்முணி. வேற எதுனாலும் கேளு, செய்யறேன்.

— சரிங்க, உங்க பங்கு காசே வேண்டாம். அவங்களே முழுசும் கட்டறேங்கறாங்க. கையெழுத்து மட்டும் போடுங்க.

— கையெழுத்துப் போடலாமான்னுதான சாமிகிட்டக் கேட்டேன்!

— உங்க சாமியை நான் குத்தம் சொல்ல மாட்டேங்க. ஆனா சும்மாவும் கிளம்ப மாட்டேன். இங்கிருந்து பதினோரு பண்ணைக்கும் போறேன். தங்கசாமி அண்ணன் போடல, நீங்களாச்சும் போடுங்கன்னு ஒவ்வொருத்தரா உலுக்கறேன். அஞ்சு மணிக்கு இன்னும் அஞ்சரை மணி நேரம் இருக்கு.

— ஒருத்தனும் போட மாட்டான்.

— போட வைப்பேன்.

— எதுக்கு அம்முணி உனக்கு இந்த வீம்பு? உனக்குச் சம்பளம் எதாச்சும் ஏத்தித் தருவாங்களா?

— நாலு வருஷம் நாமக்கல்ல ஒரு ஆஸ்பத்திரியில பில்லு கவுண்டர்ல உக்கார்ந்திருந்தேங்க. நல்ல ஆஸ்பத்திரி, நல்ல டாக்டருங்க. அவங்க மேல குறை இல்ல. ஆனா நான் ஒரு தொகையைச் சொல்லுவேன். எதிர்ல நிக்கறவங்க தலையை ஆட்டிட்டு, நாளைக்கு வர்றோம்மான்னு சொல்லிட்டுப் போவாங்க. வர மாட்டாங்க. அந்த நாளைக்குங்கற வார்த்தையைச் சொல்லும்போது மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒரு நாள் எங்க சித்தப்பாவே வந்து நின்னாரு. நான் கவுண்டர்ல இருக்கறது தெரியாம. அவரும் நாளைக்குன்னுதான் சொன்னாரு. அடுத்த நாளே வேலையை விட்டுட்டேன்.

— சித்தப்பா என்ன ஆனாரு சாமி?

— பொழைச்சுகிட்டாருங்கம்மா. என் கம்மலும் எங்கம்மா வளையலும் போச்சு. ஆளு இருக்காரு, அது போதும். இப்ப இந்தச் சங்கத்து ஃபாரத்துல கெங்கவல்லி லிஸ்டுல மொத பேரு அவருதுதான்.

— ஏனுங்க, அது ஹாரன் சத்தமுங்களா?

— ஆமா, முட்டை லோடு வண்டி வந்துருச்சு. நான் போயி ஏத்தி உட்டுட்டு வாரேன். அதுக்குள்ள கெளம்பிராத அம்முணி. பாவாயி, புள்ளைக்கு இன்னொரு தம்ளரு மோரு குடு. தங்கசாமி ஊட்டுல இருந்து வெறும் வவுத்தோட போனான்னு பேரு வேண்டா.

— செரிங்க. மெல்லப் போங்க, செருப்பு மறந்துட்டுப் போறீங்க பாருங்க!

— அம்மா, மோர் வேண்டாங்க. உக்காருங்க. அந்த இடது கையை ஏன் மடிச்சு நெஞ்சோட வச்சிருக்கீங்க?

— கூண்டுல இடிச்சுட்டேன் சாமி.

— எப்ப?

— அது ஆவும் நாலஞ்சு மாசம்.

— நாலஞ்சு மாசமா இடிச்ச வலியா?

— நீ ரொம்பத்தான் கேள்வி கேக்கற. நான் ஒண்ணு கேக்கட்டுமா? இந்த ஃபாரத்துல ஆளுக்கு நோவு இருக்குதான்னு ஒரு கட்டம் போட்டிருக்கறயே, அது எதுக்கு?

— ஏற்கெனவே நோவு இருந்தா அதுல எழுதணும்.

— எழுதுனா பேர எடுத்துருவாங்கல்லோ?

— எடுக்க மாட்டாங்க. தனியா ஒருத்தர் பாலிசி எடுத்தா, இருக்கற நோவுக்கு ரெண்டு மூணு வருஷம் காத்திருக்கச் சொல்லுவாங்க. நாங்க எடுக்கறது குழுப் பாலிசி. மொத நாள்ல இருந்தே இருக்கற நோவுக்கும் உண்டுன்னு பேசி எழுதி வாங்கிட்டோம். அதுக்குத்தாங்கம்மா மூணு மாசம் சண்டை போட்டோம். நோவை மறைச்சாத்தான் வம்பு. இருக்குன்னு எழுதிட்டா ஒரு வம்பும் இல்ல.

— டாக்டரு வந்து எல்லாரயும் பாப்பாருன்னு கலைமணி சொன்னாளே. ஒவ்வொருத்தரயும் உள்ள கூட்டிட்டுப் போயி டெஸ்டு எடுத்துத்தான் சேப்பாங்கன்னு.

— யாரு, மூணாவது செட்டுக் கலைமணியா? அது தப்புங்கம்மா. சேர்றதுக்கு டெஸ்ட்டே கிடையாது. யாரும் வந்து யாரையும் பாக்க மாட்டாங்க.

— கெடையாதா?

— கிடையாது.

— நெசமாவா சாமி?

— எங்கம்மா மேல சத்தியமா. ஏங்கம்மா, யாருக்கு நோவு?

— சௌந்திரத்துக்கு. மாருல ஒரு கட்டி. சுண்டக்கா அளவுக்கு இருந்துச்சு. இப்ப நெல்லிக்கா அளவுக்கு இருக்குதாமா.

— யார்கிட்டயாவது காட்டுனாங்களா?

— இல்ல. ஆரு கிட்டயும் சொல்லுல. நாளைக்குப் பாத்துக்கலாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னு.

— அம்மா, நான் சொல்றதை அவங்ககிட்ட அப்படியே சொல்லுங்க. எல்லாக் கட்டியும் கெட்ட கட்டி கிடையாது. பாதிக்கு மேல ஒண்ணும் இல்லாத கட்டிதான். ஆனா அதை நாமளா வீட்ல உக்காந்து முடிவு பண்ணக் கூடாது, டாக்டர் பாத்துச் சொல்லணும். கெட்டதாவே இருந்தாலும் சீக்கிரம் போனா நல்லபடியா குணமாகி வந்துடலாம். என் கூடவே கூட்டிட்டுப் போறேன். வாசல்ல விட்டுட்டு ஓட மாட்டேன். கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருப்பேன்.

— நீ இருப்பியா?

— இருப்பேங்கம்மா.

— இந்தப் பாலிசில ஆரெல்லாஞ் சேரலாம்? கூலி வாங்கற ஆளு மட்டுந்தானா?

— பண்ணையில வேலை செய்யற யாரும் சேரலாங்க. முதலாளி வீட்டு ஆளுங்களும் சேரலாம்.

— அதுஞ்செரி.

— என்னமோ ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசறீங்க? முதலாளி ஊட்டு ஆளுகன்னு காதுல உழுந்துதே?

— வாங்க ஐயா. பண்ணையில வேலை செய்யற யாரும் சேரலாம், முதலாளி குடும்பமும் சேரலாம்னு சொல்லிட்டு இருந்தேன்.

— அப்பப் பாவாயியும் சேரலாம்! தெனமும் மூணாவது செட்டுல இவளும்தான் முட்டை பொறுக்கறா. ஏம்புள்ள, நீயும் என்ர ஆளுதானா?

— ஆமாங்க. கூலியில்லாத ஆளு.

— கேட்டியா அம்முணி! இவளுக்கும் வாயி முளைச்சுருச்சு, எல்லாம் நீ வந்த நேரம்.

— உங்க வீட்டுக்குன்னு தனியா பாலிசி இருக்குங்களா ஐயா?

— இருந்துது. கொரோனா வந்த வருசம் முட்டை வெல உழுந்துச்சல்லோ, அப்பக் கட்டாம உட்டுட்டேன். அப்பறம் எடுக்குல. எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கறேன். பாவாயியும் ஒரு நாள் படுத்ததில்ல. செரி, என்ன குசுகுசுப்பு? சொல்லுங்க.

— சௌந்திரத்துக்கு மாருல கட்டிங்க.

— என்ன? சௌந்திரத்துக்கா? எத்தன நாளா? எங்கிட்ட எதுக்குச் சொல்லுல? கூப்புடு அவள! இப்பவே ஜீப்பு எடுக்கறேன். சேலத்துக்குப் போறம், பெரிய டாக்டராப் பாக்கறம். காசு கெடக்குது கழுத, நான் பாத்துக்கறேன்.

— அதுக்குத்தானுங்க சொல்லுல.

— எதுக்கு?

— சொன்னா நீங்க காடு நெலத்த வித்துருவீங்க.

— சௌந்திரத்துக்காக நான் எதுக்குப் புள்ள காட்ட விக்கறேன்? ஏதோ கையில இருக்கறதக் குடுப்பேன், பத்துலீன்னா வட்டிக்கு வாங்குவேன். காட்ட எதுக்கு... பாவாயி.

— செட்டுக் கடன் இன்னும் பாதி நிக்குது. அகல்யா கல்யாணத்துக்கு வாங்குனது அப்படியே இருக்குது. உங்களுக்கு இருக்கறது அந்தக் கெணத்துக் காடு ஒண்ணுதானுங்க. அதையும் எனக்குன்னு வித்துட்டீங்கன்னா அப்பறம் உங்களுக்கு என்னங்க இருக்குது?

— பாவாயி. கைய எடு. நெஞ்சுல இருந்து கைய எடு புள்ள.

— ஐயா, கத்தாதீங்க. உக்காருங்க.

— நான் கத்துல அம்முணி. சௌந்திரத்துக்கா, உனக்கா? என்னையப் பாத்துச் சொல்லு பாவாயி.

— எனக்குத்தானுங்க.

— எத்தன நாளா?

— மாசி நோம்பிக்கு முந்தியே. மேலுக்குத் தண்ணி ஊத்தறப்பக் கையில தட்டுப்பட்டுது. இந்தப் புள்ள போன வாரம் ஃபாரத்தக் கொண்டாந்து நோவு இருக்குதான்னு கட்டத்தக் காட்டுனப்ப எனக்குப் பயமாப் போச்சு. டாக்டரு வந்து எல்லாரயும் தொட்டுப் பாப்பாரு, பண்ணை பூராவும் தெரிஞ்சுரும், உங்க காதுக்கும் வந்துரும்னு.

— நாப்பதாயிரம் கோழியில ஒண்ணு தலையத் தொங்கப் போட்டாக் கண்டுபுடிச்சுருவேன்னு இப்பத்தான் இந்தப் புள்ளகிட்டப் பெருமை பீத்துனேன். ஒரே ஊட்டுக்குள்ள, ஒரே பாயில... எனக்குத் தெரியுலயே புள்ள. நான் என்னத்தப் பாத்துட்டு இருந்தேன்?

— நான் தெரிய உடுலீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க.

— ஐயா, அழுகறதுக்கு நேரம் இல்லீங்க. ஒண்ணும் கைமீறிப் போகல. அம்மா நல்லாத்தான் இருக்காங்க, மோர் கலக்கிக் குடுத்தாங்க, என்னைக் கேள்வி மேல கேள்வி கேட்டாங்க. நாளைக்குக் காலையில நான் கூட்டிட்டுப் போறேன், நீங்களும் வாங்க. உங்க காடு உங்ககிட்டயே இருக்கும். அதுக்கு ஒரே வழி இந்த ஃபாரம். எட்டாவதா ஒரு பேர் எழுதறேன். பாவாயி. வயசுங்கம்மா?

— அம்பத்திரண்டு.

— நோவு இருக்கான்னு கேட்டிருக்கற கட்டத்துல?

— இருக்குதுன்னு எழுதிக்க சாமி.

— எழுதிட்டேன். இனி முதலாளி கையெழுத்து. ஐயா?

— செவப்புப் பூ வந்துருச்சே அம்முணி. வெள்ளிக்கிழம செவப்பு வந்துருச்சே! இவளுக்குத்தான் வேண்டான்னு சொல்லுச்சா அந்தச் சாமி? இவளத்தான் கை உடச் சொல்லுச்சா?

— அப்படியெல்லாம் சொல்லாதீங்க.

— நீ சும்மா இரு பாவாயி. எங்கப்பன் காலத்துல இருந்து பூ வாக்கு மீறாத குடும்பம். அடமானம் வெச்சிருக்கறம், பட்டினி கெடந்திருக்கறம், ஆனா வாக்க மீறுனதில்ல. இன்னிக்கு மீறறேன். தெரிஞ்சேதான் மீறறேன். பேனாவக் குடு அம்முணி. எங்க போடோணும்? இங்கயா?

— இங்கதாங்க. கீழ தேதியும் போடுங்க.

— போட்டாச்சு. தங்கசாமி போட்டுட்டான்னு மோகன்குமாருக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன். பதினோரு பேருத்தையும் நானே கூப்புடறேன். அஞ்சு மணிக்கு முன்னால இருநூறு என்ன, இருநூத்தம்பது பேரு சேந்திருப்பாங்க. ஜீப்பு எடுக்கறேன், நீ பஸ்ஸுக்கு நிக்காத. அந்தக் கருப்பண்ணன் என்னைய என்ன வேணாலும் பண்ணிக்கட்டும். செவப்பு வந்ததுக்கு மேல போட்ட கையெழுத்து இது. தண்டனை வந்தா எனக்கு வரட்டும்.

— ஒரு தண்டனையும் வராதுங்க.

— உனக்கெப்படித் தெரியும்?

— வெள்ளிக்கிழம நான் எடுத்துப் பிரிச்ச பொட்டணத்துல வெள்ளப் பூவுதானுங்க இருந்துது. நீங்க கண்ணத் தொறக்கறதுக்குள்ள அதைய மடியில சொருகிட்டு, மத்ததப் பிரிச்சுக் காட்டிட்டேன்.